கயிறு தொங்கக் கூடாது

சேசு மரி சூசை துணை

ரங்கூன், மிங்கலா தாங்ஞுன்ட்
1926 ஜூன் 6

என் பிரியமுள்ள அக்காளுக்கு,

தங்கை செலின் எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நாகப்பட்டினத்தில் நீயும் அத்தானும், சூசை, இஞ்ஞாசி, என் மதலேன் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரயில் பட்டறைக் கரியால் அத்தானுக்கு வந்த இருமல் நின்றதா?

விசேஷம் ஒன்று. உன் தங்கை மாப்பிள்ளை அமிர்தநாதன் லாரிக்காரர் ஆகிவிட்டார். இத்தனை வருஷம் மரக்கடை முதலாளிக்காக ஓட்டிய அதே லாரியை இப்போது தமக்கே வாங்கிவிட்டார். அமெரிக்காவில் செய்த பெரிய லாரி. எங்கள் சந்துக்குள் அது நுழைந்தால் கோழி ஒதுங்கக்கூட இடமில்லை. சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுக் காளியம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். இவர் பார்த்தும் பார்க்காதவர்போல ஏறி ஓட்டினார். மாதாவும் காத்தாயிற்று, மாரியும் காத்தாயிற்று.

வெயில் காலத்தில் அரிசி மூட்டை ஏற்றுவார். மழை பிடித்துவிட்டால் வேறு வேலை. இந்த ஊரில் மோட்டார் வாங்குகிறவர்களுக்குக் குறைவில்லை, மழையில் அவை நின்றுபோவதற்கும் குறைவில்லை. அப்படி நின்ற வண்டியை லாரியில் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கென்று துறைமுகத்திலிருந்து கப்பல் கட்டுகிற கயிறு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். முன்னால் லாரியில் இவர். பின்னால் செத்த வண்டியில் உட்கார்ந்து அதைத் திருப்பிக்கொண்டு வருவது எங்கள் சிநேகிதர் சாதிக் பாட்சா.

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சாதிக் பாட்சா நாகூர்க்காரர். அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறார். சம்சாரத்தை அழைத்துக்கொண்டு நவம்பரில் திரும்புவார். நீ சொன்ன ஐந்து வயசு மதலேனுக்கு அக்டோபரில் முடிகிறதே. அவர்களோடு அனுப்பிவிட்டால் என்ன? குடும்பத்தோடு வருகிறவர்கள், நல்ல மனுஷர்கள்.

வேளாங்கண்ணி மணலில் உட்கார்ந்து நான் அழுதது உனக்கு நினைவிருக்கும். மூன்றாவதும் என் வயிற்றில் தங்காமல் போன வருஷம். நீ என் கையை எடுத்து உன் வயிற்றின்மேல் வைத்து, "இது உனக்குடி" என்றாய். அன்றிலிருந்து நான் நாள் எண்ணாத நாள் இல்லை.

பதில் போடு. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அன்புத் தங்கை,
செலின்


சே. ம. சூ.

நாகப்பட்டினம்
1926 ஜூன் 28

அன்புள்ள தங்கை செலினுக்கு,

அக்காள் ஜூடித்தின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே சர்வேசுரன் சித்தத்தால் எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது. சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தால் எனக்குத் தெரியாமல் முருங்கை மரத்துக்கு ஊற்றுகிறார். மரத்துக்கு இருமல் இல்லை.

லாரி வாங்கிய சேதியை உன் அத்தான் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். சூசையும் இஞ்ஞாசியும் சித்தப்பாவின் லாரியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அளக்கிற அளப்பில் அது இப்போது ரயிலைவிடப் பெரிதாகிவிட்டது.

மதலேன் விஷயம். சொன்ன சொல் சொன்னதுதான். சாதிக் பாட்சா வீட்டாரோடு அனுப்புவதே நல்லது. இப்போதே சில சங்கதிகளை உனக்குச் சொல்லி வைக்கிறேன், பிறகு நீ திண்டாடக் கூடாது. அவளுக்கு முருங்கைக்கீரை ஆகாது, வயிறு கெடும். தலைக்கு ஊற்றும்போது கண்ணைப் பொத்த வேண்டும், இல்லாவிட்டால் தெருவையே கூட்டிவிடுவாள். இன்னொன்று, பக்கத்தில் படுத்திருப்பவர்களின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கம்மல் இருந்தால் கை உறுத்துகிறது என்று சிணுங்குவாள். அதனால் நான் கம்மல் போட்டே நாலு வருஷம் ஆகிறது. மூளிக் காதோடு பூசைக்கு வருகிறேன் என்று ஊரே பேசி ஓய்ந்துவிட்டது. நீயும் கழற்றிவிட வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு. மழையில் நனையாதே.

இப்படிக்கு,
உன் அக்காள் ஜூடித்


சே. ம. சூ. துணை

ரங்கூன்
1926 ஜூலை 18

என் பிரியமுள்ள அக்காளுக்கு,

செலின் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம், உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். அத்தானுக்குக் கஷாயத்தை நீ எதிரில் நின்று குடிக்க வை.

உன் கடிதம் வந்த அன்றே கம்மலைக் கழற்றிவிட்டேன். எனக்கும் பழக வேண்டாமா? காளியம்மா என் காதைப் பார்த்துவிட்டு, "என்ன செலினு, லாரிக்கு டயரு வாங்கக் கம்மல் போயிருச்சா?" என்றாள். என் பிள்ளைக்காக என்று சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், வெல்லம் போட்டுக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிலுவை போட்டுக்கொள்வாய். சாதிக் பாட்சா கப்பல் ஏறிவிட்டார் அல்லவா, செத்த வண்டியில் உட்கார ஆள் இல்லை. இவர் வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்தார். ஒருவன் தூங்கினான். இன்னொருவன் வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையாலும் கும்பிடு போட்டான். போன வாரம் லத்தா கடைத்தெருவில் சீன வியாபாரி ஒருவருடைய மோட்டார் நின்றுபோயிற்று. மழை. ஆள் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் மாதாவைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இழுக்கிறவருக்கு என்ன, அவர் இழுத்துக்கொண்டு போவார். பின்னால் இருப்பவளுக்குத்தான் கஷ்டம், அக்கா. முன்னால் லாரி வேகம் குறைத்தால் செத்த வண்டிக்கு அது தெரியாது, தன்பாட்டில் உருண்டு போய் லாரியின் முதுகில் முட்டும். முட்டாமல் இருக்க நான் பிரேக் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நடுவில் கயிறு தொய்ந்து தரையில் தொங்கும். தொங்கின கயிறு அடுத்த இழுப்பில் வெடுக்கென்று சுண்டும், சுண்டினால் அறுந்துபோகும். ஏறும்போது இவர் சொன்னது இவ்வளவுதான்: "கயிறு தொங்கக் கூடாது. சுண்டவும் கூடாது. என் முதுகைப் பாத்துக்கிட்டே வா."

அந்தச் சீனர் என் பக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மீன் விற்கிற பர்மாக்காரப் பெண்கள் எல்லாம் "மா செலின், மா செலின்" என்று அவர்கள் வழக்கப்படி மரியாதை சேர்த்துக் கூவிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். பட்டறை வாசலில் நான் இறங்கினேன். இவர் குனிந்து கயிற்றைப் பார்த்தார். அதில் சேறு ஒட்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு மீன் குழம்பில் சேவை போட்ட மொஹிங்கா வாங்கிக் கொடுத்தார். இரண்டு கிண்ணம்.

இனி சாதிக் பாட்சா வரும்வரை நான்தான். இந்தக் கதையை மதலேனுக்குச் சொல்லு.

உன் அன்புத் தங்கை,
செலின்


சே. ம. சூ.

நாகப்பட்டினம்
1926 ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கை செலினுக்கு,

அக்காளின் ஆசீர்வாதம். இங்கு சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை, இஞ்ஞாசிக்கு அம்மை போட்டு இறங்கியது, பிறகு மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் எல்லாம் நம் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற நாள். காரணம் தேடினால் நிறைய இருக்கிறது.

நீ வண்டியில் உட்கார்ந்ததை உன் அத்தான் சத்தமாகப் படித்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டது உண்மை. மதலேனுக்கு அந்தக் கடிதத்தைப் பத்துத் தரம் படித்தாயிற்று. "முதுகைப் பாத்துக்கிட்டே வா" என்கிற இடம் வந்தால் அவளே சேர்ந்து சொல்கிறாள். கொட்டாங்கச்சி இரண்டை நூலில் கட்டி வாசலில் இழுத்துக்கொண்டு திரிகிறாள். இரண்டாவது கொட்டாங்கச்சியில் ஒரு புளியங்கொட்டை உட்கார்ந்திருக்கிறது. அது யார் என்று கேட்டால் "ரங்கூன் செலினு" என்கிறாள்.

கடலைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நவம்பரில் கடல் கொந்தளிக்கும் என்கிறார்களே, உண்மைதானா? மேல்தளத்தில் மழை அடிக்குமா? அம்மை குத்தின தழும்பைத் துறைமுகத்தில் பார்ப்பார்களாம், அவளுக்குச் சரியாகத் தழும்பு விழவில்லை. மறுபடியும் குத்தச் சொல்லியிருக்கிறேன். நான் ஒன்றும் தள்ளிப்போடுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நான்கு பாவாடை தைத்தாயிற்று. வளருகிற பிள்ளை என்று மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு மடிப்பு பிரித்துவிட்டால் மூன்று வருஷம் வரும்.

இப்படிக்கு,
உன் அக்காள் ஜூடித்


சே. ம. சூ. துணை

ரங்கூன்
1926 செப்டம்பர் 19

என் பிரியமுள்ள அக்காளுக்கு,

செலின் எழுதுவது. நாங்கள் சுகம். இஞ்ஞாசிக்கு அம்மை இறங்கியது கேட்டு நிம்மதி. அவனுக்காகக் கோவிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.

கடலுக்குப் பயப்படாதே. நானும் நவம்பரில்தான் வந்தேன். இரண்டு நாள் தலை சுற்றும், மூன்றாம் நாள் கப்பல் நமக்குப் பழகிவிடும். சாதிக் பாட்சா சம்சாரத்திடம் ஊறுகாயும் எலுமிச்சையும் கொடுத்துவிடு.

இங்கே எல்லாம் தயார். லாரியில் இவர் இடத்துக்கும் என் இடத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பலகை அடித்து, பஞ்சு வைத்து மெத்தை தைத்திருக்கிறார். ஓட்டும்போது அந்த மெத்தையைக் கையால் தடவிப் பார்த்துக்கொள்கிறார். நான் கவனிக்காததுபோல வெளியே பார்ப்பேன். பிள்ளை வருகிறாள் என்று வேலைக்குப் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், ஊருக்கு வெளியே தின்கன்ஜூன் வரைக்கும் சேதி போயிருக்கிறது. அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கப் போயிருந்தோம். அந்த வாத்தியாரின் சம்சாரம் 'தனக்கா' என்கிற மரத்தின் கட்டை ஒன்று கொடுத்தாள், சந்தனம்போல உரசிப் பிள்ளை கன்னத்தில் பூசு, வெயில் தாங்கும் என்று.

அன்று மேட்டில் கொஞ்சம் தொங்கவிட்டுவிட்டேன், கயிறு சுண்டி என் பல் கிட்டித்தது. அறுந்துபோகவில்லை. இவர் இறங்கி வந்து திட்டுவார் என்று பார்த்தேன். "பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். மதலேன் நடுவில் உட்கார்ந்த பிறகு நான் பின்னால் போகக் கூடாதாம். பிள்ளையோடு முன்னாலேயே இருக்க வேண்டுமாம்.

அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்? "ரங்கூன் செலினு" என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
செலின்


சே. ம. சூ.

நாகப்பட்டினம்
1926 அக்டோபர் 21

அன்புள்ள செலினுக்கு,

அக்காளின் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்.

மதலேனுக்கு ஐந்து முடிந்தது. பாயசம் வைத்தோம். சாதிக் பாட்சா வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். நவம்பர் பத்தாம் தேதி சென்னைப் பட்டணத்துக்கு ரயில், அங்கிருந்து கப்பல். பெட்டி கட்டியாயிற்று. அம்மைத் தழும்பும் இந்தத் தரம் சரியாக விழுந்துவிட்டது.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கேட்டிருந்தாய். உன்னை அம்மா என்றுதான் சொல்கிறாள். அதை நான் பழக்கிவிட்டேன். அங்கே வந்து இறங்கின பிறகு புதிதாகச் சொல்லிக் கொடுத்தால் குழம்பும், உன் மனசும் கஷ்டப்படும். அதனால் மாதா திருநாள் முடிந்ததிலிருந்தே என்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். அம்மா என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பெரியம்மா என்றால்தான் திரும்புவேன். பத்துப் பதினைந்து நாளில் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் எதையும் சீக்கிரம் படித்துக்கொள்ளும். அண்ணன்மார்தான் அவளோடு சண்டை போட்டார்கள். உன் அத்தான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுகிறார்.

தூக்கத்தையும் பழக்கிவிட்டேன். இப்போது இஞ்ஞாசி பக்கத்தில் படுத்து அவன் காதைப் பிடித்துக்கொள்கிறாள். நான் கம்மல் போட்டுக்கொண்டேன். நாலு வருஷம் சும்மா இருந்த துவாரம் தூர்ந்துபோய், மறுபடி குத்த வேண்டியிருந்தது.

வேறு விசேஷம் இல்லை. அவள் வந்து சேர்ந்ததும் உடனே தந்தி அடி.

இப்படிக்கு,
உன் அக்காள் ஜூடித்


தந்தி

ரங்கூன், 1926 நவம்பர் 1

குழந்தையை அனுப்ப வேண்டாம். கடிதம் பின்னால். செலின்.


நாகப்பட்டினம்
1926 நவம்பர் 4

செலினுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனம் இல்லை.

உன் தந்தியை உன் அத்தான் மூன்று தரம் படித்தார். நான் நம்பவில்லை, தந்தி ஆபீசுக்கே அனுப்பிக் கேட்டுவரச் சொன்னேன். அனுப்ப வேண்டாமாம். ஏன் என்று ஒரு வார்த்தை உண்டா? மாட்டை விற்கிறவர்கள்கூட வேண்டாம் என்றால் பல்லைப் பிடித்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள்.

நான் என்ன செய்துவிட்டேன்? கேட்டதையெல்லாம் செய்தேன். தாய் என்கிற பேரையே அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டேனடி. பெட்டி வாசலில் இருக்கிறது. "எப்போ கப்பலு, எப்போ கப்பலு" என்று அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

உன் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறதா? அப்படியானால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனால் அதைச் சொல்லியிருக்கலாம். சொந்தப் பிள்ளை வரும்போது அக்காள் பிள்ளை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்ததா?

சாதிக் பாட்சா பத்தாம் தேதி போகிறார். அவரும் சம்சாரமும் மட்டும்தான் போவார்கள்.

ஜூடித்


சே. ம. சூ. துணை

ரங்கூன்
1926 நவம்பர் 18

என் அக்காளுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீ சுகமாக இல்லை என்று தெரியும். உன் கோபம் நியாயம். தந்தி அடித்துவிட்டு அன்றே எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. தினமும் உட்கார்ந்தேன். இன்றைக்கு உன் கடிதம் வந்த பிறகு, எழுதாமல் இருப்பது பாவம் என்று எழுதுகிறேன்.

என் வயிற்றில் ஒன்றும் இல்லை, அக்கா. இனி வரும் என்றும் தோன்றவில்லை.

சகல பரிசுத்தவான்கள் திருநாள் அன்று பூசை முடிந்து வரும்போது உன் கடிதம் வந்திருந்தது. படித்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குள் புத்தர் கோவில் பகோடா பக்கத்து மேட்டில் ஒரு வக்கீலுடைய வண்டி நிற்கிறது என்று ஆள் வந்தது. போனோம். வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

இவர் முதுகைப் பார்க்கிறேன், தெரியவில்லை. நீ திரும்பாமல் நிற்கிற முதுகுதான் தெரிகிறது. அவள் அம்மா என்று கூப்பிடுகிறாள், நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். ஒரு தரம் அல்ல, பத்துப் பதினைந்து நாள். கயிறு விண்ணென்று இழுபடுகிறது, எனக்கு உறைக்கவே இல்லை. லாரி நின்றது. இவர் இறங்கி வந்தார்.

"என்ன செலின், பிரேக்கை விடவே மாட்டேங்கிற? எஞ்சின் முக்குது."

என் கை பிரேக்கைப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது. நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கக் கஷ்டம், உனக்குத்தான் தெரியுமே. அதனால் மழைத் தூறலில் வண்டிப் படியில் அவர் உட்கார, நான் படித்தேன். வக்கீல் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு குடையை எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்தார். தமிழ் தெரியாத மனுஷர்.

படித்து முடித்ததும் இவர் இழுபட்டு நின்ற கயிற்றைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"நின்ன வண்டியைத்தான் கட்டி இழுப்பாங்க செலின். ஓடுற வண்டிக்கு எதுக்குக் கயிறு?"

நான் அழுதேன். "எனக்கு வேணுமே" என்று சொன்னேன். வெட்கமில்லாமல் நடுத்தெருவில் சொன்னேன். "எனக்கும்தான் வேணும்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அக்கா. எனக்காகத்தான் ஒத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன்.

அங்கிருந்து நேரே தந்தி ஆபீசுக்குப் போனோம். வக்கீல் வண்டியை அவிழ்க்க நேரமில்லை, அதையும் இழுத்துக்கொண்டே போனோம். உள்ளே போய் என்ன எழுத என்று தெரியவில்லை. நாலைந்து வார்த்தைக்குமேல் என் கை ஓடவில்லை. அதுதான் உனக்கு அப்படி வந்து விழுந்தது. மன்னித்துக்கொள்.

நீ வாக்கு மீறவில்லை. கொடுத்தாய், முழுசாகக் கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள். வாங்கியவள் சொல்கிறேன், அவள் உன்னிடமே இருக்கட்டும். அவள் அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார். முதல் குரலிலேயே திரும்பிப் பார்.

கம்மலை நான் மறுபடி போட்டுக்கொண்டேன். நடுப்பலகையை எடுத்துவிடட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். சோற்றுத் தூக்கு வைக்க வசதியாக இருக்கிறது.

சாதிக் பாட்சா வந்து இறங்கிவிட்டார். பின்னால் உட்கார அவர் இருந்தாலும் நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது.

அத்தானிடம் சாப்பிட உட்காரச் சொல்லு.

உன் தங்கை,
செலின்


சே. ம. சூ.

நாகப்பட்டினம்
1926 டிசம்பர் 19

என் கண்ணே செலின்,

அக்காளின் ஆயிரம் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு கர்த்தர் பிறந்த திருநாளைக் கொண்டாட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் ஜெபிக்கிறோம். உன் அத்தான் இப்போது சாப்பாட்டில் உட்காருகிறார். கஷாயமும் குடிக்கிறார். முருங்கை மரம் இளைத்துவிட்டது.

உன் கடிதத்தை நான் ஒருத்தியாக மாட்டுக்கொட்டகையில் வைத்துப் படித்தேன். கோபத்தில் எழுதினதற்கு என் வாயில் மண். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் தந்தியைக் கேட்டு நான் கத்தினேனே, கத்திக்கொண்டே பெட்டியைத் திறந்து பாவாடைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அதை உன் அத்தான் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

போன கோபம் போகட்டும், மதலேன் லேசில் மாறவில்லை. கப்பல் இல்லை என்று இரண்டு நாள் அழுதாள். பிறகு மறந்துவிட்டாள். ஆனால் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். நான் படித்துக் கொடுத்த பாடம் அல்லவா, நன்றாகவே படித்துவிட்டாள். அம்மா என்று சொல்லு என்று மறுபடி கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளையை எத்தனை தரம் திருப்பிப்போடுவது? எந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பினேன். உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எங்க அம்மா ரங்கூன்ல செத்த வண்டி ஓட்டுது" என்பாள். நான் அதைத் திருத்தவில்லை. அது உனக்கே இருக்கட்டும்.

கம்மலைக் கழற்றி வைத்துவிட்டேன். ஊர் மறுபடி பேசுகிறது, பேசட்டும்.

கோடை விடுமுறையில் நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். லாரியைச் சாதிக் பாட்சாவிடம் விட்டுவிட்டு வா. நான் சும்மா அழைக்கவில்லை, நேற்று நடந்ததைக் கேள்.

கொட்டாங்கச்சி சின்னதாகிவிட்டதாம். சாயங்காலம் இஞ்ஞாசியின் பழைய மரப்பெட்டியில் கிணற்றுக்கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். "பெரியம்மா, நீங்கதான் லாரி. நான்தான் பின்னாடி" என்றாள். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இழுத்தேன். கோவில் தெரு முனை வரை போனோம். அங்கே உபதேசியார் சம்சாரம் நின்று திருநாள் பலகாரத்தைப் பற்றி ஏதோ கேட்டாள். நானும் நின்று பதில் சொன்னேன். நின்றபோது கயிறு என் கையில் தளர்ந்துபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து உன் பெண் கத்தினாள், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி:

"அம்மா, கயிறு தொங்குது!"

முதல் குரலிலேயே திரும்பிவிட்டேன், செலின்.

இப்படிக்கு,
உன் அக்காள் ஜூடித்